ஒரு குழாயடிச் சண்டையும் ஒரு கொத்துச் சாவியும்

கொஞ்ச நாளா கடைப்பக்கம் வர முடியல மக்களே. ஆணி ஜாஸ்தி. வழக்கமா இங்க பழைய பாட்டு, ஊர்க்கதை, எப்பவாச்சும் ஒரு மொக்கைன்னு வண்டி ஓடும். இன்னிக்குப் பொட்டி தட்டுற சமாச்சாரம். படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அதே பொழப்புதான், பொறுத்துக்குவீங்க. மீதிப் பேருக்கும் புரியற மாதிரிதான் எழுதப் போறேன். ஏன்னா இது கம்ப்யூட்டர் விஷயம் மாதிரி தெரிஞ்சாலும் உண்மையில வேற விஷயம். தப்பு நடந்தா யார் தலையில கட்டுறோம்ங்கிற விஷயம்.

நேரா மேட்டருக்கு வர்றேன்.

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு தம்பியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆச்சு. கடிதத்துல இருந்த காரணம் ஒரே வார்த்தை: கவனக்குறைவு. அந்த வார்த்தையைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. கவனக்குறைவு இருந்தது நிஜம். ஆனா அது அந்தத் தம்பியோடது இல்ல. யாரோடதுன்னு கீழ வரும்.

முதல்ல, பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ரெண்டு பத்தி. மத்தவங்க தாண்டிப் போயிருங்க.

ஒருத்தர் புரோகிராம் எழுதுறார்னு வைங்க. எழுதினது அப்படியே வாடிக்கையாளர்கிட்ட போயிடாது. அதைத் தொகுக்கணும், சோதிக்கணும், ஒரு பொட்டலமாக் கட்டணும், அப்புறம் சர்வர்ல ஏத்தணும். ஒரு காலத்துல இதெல்லாம் கையால நடந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருத்தர் உட்கார்ந்து, கட்டளைகளை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா அடிப்பாரு. இப்ப அதையெல்லாம் ஒரு கோப்புல எழுதி வெச்சிட்டா, கோட் மாறுன உடனே எந்திரமே எல்லாத்தையும் வரிசையா செஞ்சிடும். இதுக்குப் பேருதான் பைப்லைன். தமிழ்ல குழாய்னே வெச்சுக்கலாம், தலைப்புக்கும் பொருந்துது :-) 2001ல வந்த குரூஸ் கன்ட்ரோல், 2000கள் நடுவுல ஹட்சனாப் பொறந்து 2011ல பேர் மாறுன ஜென்கின்ஸ், அப்புறம் ட்ராவிஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கூகுளோட கிளவுட் பில்ட்னு பெரிய குடும்பம் அது.

அடுத்தது ப்ராஜெக்ட். கூகுள் கிளவுட்ல ப்ராஜெக்ட்னா ஒரு தனி வீடு மாதிரி. தனி வாசல், தனிப் பூட்டு, தனி பில். அமேசான்ல இதே வேலையைத் தனி அக்கவுண்ட் செய்யுது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒண்ணு, சோதனைக்கு ஒண்ணு, நிஜ உபயோகத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வைக்கிறது நல்ல பழக்கம். ஒரு வீட்டுல தீப்பிடிச்சா அடுத்த வீட்டுக்குப் பரவக் கூடாதில்லையா, அதுக்காக. எங்ககிட்ட ஒன்பது வீடு.

இப்பக் கேள்வி: ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது குழாயா, இல்ல ஒரே மெயின் குழாயா? எங்க தொழில்ல இது நிஜமாவே குழாயடிச் சண்டைதான். குடம் மட்டும்தான் இல்ல.

ஒன்பது குழாய்க் காலம்

முதல்ல எங்ககிட்ட ஒன்பது குழாய் இருந்துச்சு. முதல் வீட்டுக்கு ஒருத்தர் எழுதினார். ரெண்டாவது வீட்டுக்கு அதை அப்படியே காப்பியடிச்சு ரெண்டு வரி மாத்தினோம். மூணாவதுக்கு ரெண்டாவதிலேர்ந்து. இப்படியே போயி ஒன்பதாவது வீட்டுக்கு வரும்போது, மூலத்துக்கும் அதுக்கும் பேரன் கொள்ளுப்பேரன் உறவு. ஜாடை இருக்கு, குணம் வேற.

2021 டிசம்பர் வந்துச்சு. ஜாவாக்காரங்களுக்கு அந்த மாசத்தைச் சொன்னாலே வயித்துல புளி கரைக்கும். லாக்4ஜே. உலகத்துல பாதி ஜாவா மென்பொருள்ல உட்கார்ந்திருந்த ஒரு லாக் எழுதுற நூலகம். அதுல ஒரு ஓட்டை. வெளியாள் ஒருத்தன் ஒரு குறிப்பிட்ட எழுத்துச்சரத்தை அனுப்பினாப் போதும், சர்வர் அதை லாக்ல எழுதப் போயி அவன் சொல்ற கோடையே ஓட்டிரும். மோசமான ஓட்டை, பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கினது. திருத்தமும் ஒரே தடவையில முடியல. 2.15 வந்துச்சு, பத்தாதுன்னு 2.16, அப்புறம் 2.17, அப்புறம் 2.17.1. எல்லாம் அந்த ஒரே மாசத்துல.

கணக்குப் போட்டுக்கங்க. ஒன்பது குழாய், நாலு திருத்தம். முப்பத்தாறு தடவை அதே வேலை. அதைவிடப் பெரிய தலைவலி, எந்த வீட்டுல எந்தப் பதிப்பு ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு மாதிரிப் பொட்டலம் கட்டி, ஒவ்வொரு இடத்துல வெச்சிருந்துச்சு. ஒரு எக்செல் ஷீட் போட்டு, ராத்திரி ஒரு மணிக்கு, "ஆறாவது வீடு யார் பார்த்தா? பார்த்தாச்சா? யாரு?"ன்னு கத்திக்கிட்டிருந்தோம். ஏழாவது வீட்டை மறந்தே போயிட்டோம். ஜனவரியிலதான் கண்டுபிடிச்சோம். யாரும் உள்ள வரலைங்கறது எங்க அதிர்ஷ்டம், எங்க திறமை இல்ல.

அதனால மையப்படுத்தவே கூடாதுன்னு யாராச்சும் பின்னூட்டத்துல வந்தீங்கன்னா, அந்த டிசம்பரைக் காட்டுவேன். செய்முறை ஒரே இடத்துல இருக்கணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

கையால செய்யறதுக்கும், ஆளுக்கு ஒரு மாதிரி செய்யறதுக்கும் உலகம் கொடுத்த பெரிய விலை ஒண்ணு இருக்கு. நைட் கேபிடல்னு அமெரிக்காவுல ஒரு பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. புது கோடை எட்டு சர்வர்ல ஏத்தணும். ஏழுலதான் ஏறுச்சு. எட்டாவதுல பல வருஷமா உபயோகிக்காத பழைய கோட் ஒண்ணு உயிரோட இருந்துச்சு. சந்தை திறந்ததும் அது முழிச்சுக்கிட்டுக் கண்ணு மண்ணு தெரியாம ஆர்டர் போட ஆரம்பிச்சுது. 45 நிமிஷம். போனது 44 கோடி டாலருக்கு மேல. கம்பெனியே கைமாறிடுச்சு. இந்தக் கதையை மறந்துராதீங்க, கடைசியில திரும்ப வர்றேன். அதுல ஒரு முக்கியமான ஆளு இருக்கார்.

ஒரே குழாய்க் காலம்

சரி, டிசம்பர்ல பட்டது போதும்னு மையப்படுத்துனோம். ஒரு பத்தாவது ப்ராஜெக்ட் திறந்து, அதுக்குள்ள ஒரே மெயின் குழாய். ஒன்பது வீட்டுக் கோடும் அங்க வரும், அங்கேயே பொட்டலம் கட்டும், அங்கேயிருந்தே ஒன்பது வீட்டுக்கும் போயி ஏத்தும். மேலிடத்துல கைதட்டல். படம் போட்டுக் காட்டினா ரொம்ப அழகா இருக்கும் அது. நடுவுல ஒரு வட்டம், சுத்தி ஒன்பது கோடு. சூரியன் மாதிரி.

அந்தச் சூரியனுக்கு ஒரு சர்வீஸ் அக்கவுண்ட். அதாவது மனுஷன் இல்லாம எந்திரமே உபயோகிக்கிற ஒரு அடையாள அட்டை. அந்த ஒரே அட்டைக்கு ஒன்பது வீட்டுலயும் எடிட்டர் உரிமை கொடுத்தோம். எடிட்டர்னா என்ன? அந்த வீட்டுல கிட்டத்தட்ட எதையும் உருவாக்கலாம், மாத்தலாம், அழிக்கலாம். ஏன் கொடுத்தோம்? ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன உரிமை வேணும்னு கணக்குப் பார்த்துக் கொடுத்தா ஒரு வாரம் ஆகும். எடிட்டர் கொடுத்தா ரெண்டு நிமிஷம். "அப்புறம் சரி பண்ணிக்கலாம்." நம்ம தொழில்ல அப்புறம்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் ஒருநாளும் இல்லைங்கறதுதான்.

ஆக, செய்முறையை மையப்படுத்தறோம்னு சொல்லிட்டு, சாவியையும் சேர்த்து மையப்படுத்திட்டோம். ஒன்பது வீட்டுச் சாவியும் ஒரே கொத்துல. அந்தக் கொத்து, தெருவுல போற வர்றவங்க எல்லாம் தொடக்கூடிய ஒரு ஆணியில தொங்குது. ஒன்பது வீடா ஏன் பிரிச்சோம்? தீ பரவக் கூடாதுன்னு. அந்தச் சுவரையெல்லாம் நாங்களே இடிச்சிட்டோம், அதுக்கு நவீனப்படுத்தல்னு பேரும் வெச்சிட்டோம்.

இப்பத் தம்பி கதை.

ராத்திரி ஓடற ஒரு துப்புரவு வேலை எழுதச் சொன்னாங்க அவனை. சோதனை வீட்டுல தற்காலிகக் கோப்புகள் மலை மாதிரி குவிஞ்சு பில் ஏறுது. பேர்ல டெம்ப்னு இருக்கிற பக்கெட்டை எல்லாம் தேடி அழிக்கணும். சின்ன வேலை. எழுதினான். எந்த ப்ராஜெக்ட்ல ஓடணும்னு ஒரு வேரியபிள்ல கொடுக்கணும். ட்ரிக்கர்ல அந்த வேரியபிள் பேரை அடிக்கும்போது ஒரு எழுத்து விட்டுப் போச்சு.

பேர் தப்பா இருந்தா எந்திரம் பிழைன்னு கத்தணும்தானே? கிளவுட் பில்ட்ல கையால அனுப்புற பில்டுன்னா கத்தும். ட்ரிக்கர் வழியா ஓடினாக் கத்தாது. கிடைக்காத வேரியபிளை வெறுமையா விட்டுட்டு மேல போயிரும். இதை யாரும் ஒளிச்சு வைக்கல, ஆவணத்துலேயே எழுதியிருக்கு. படிக்காதது நாங்க.

சரி, வெறுமையாப் போனா என்ன ஆகியிருக்கணும்? ஸ்கிரிப்ட் நின்னிருக்கணும். நிக்கல. ஏன்னா எங்க மையக் குழாய்ல பொதுவா எல்லாரும் கூப்பிடற ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. அதுல ஒரு வரி: ப்ராஜெக்ட் பேர் காலியா இருந்தா, இந்த ப்ராஜெக்ட்டை எடுத்துக்கோ. அந்த "இந்த ப்ராஜெக்ட்" எது தெரியுமா? முதன்முதல்ல மையக் குழாய்ல சேர்த்த வீடு. ஒரு வாடிக்கையாளரோட நிஜ உபயோக வீடு. அங்க டெம்ப்னு பேர் வெச்ச ஒரு பக்கெட் இருந்துச்சு. பேர்தான் தற்காலிகம். உள்ள இருந்தது வாடிக்கையாளரோட ஆட்கள் பதிவேத்துற ஆவணங்கள்.

சாவி கையில இருக்கு. கதவு திறந்துச்சு. அழிச்சிருச்சு.

அழிச்சதைத் திரும்ப எடுக்க ஒரு வழி உண்டு. அந்தச் சேமிப்பகத்துல 2024லேர்ந்து, அழிச்ச கோப்பை ஏழு நாள் பத்திரமா வெச்சிருக்கிற வசதி தானாவே வரும். நாங்க அதைக் காசு மிச்சம்னு அணைச்சு வெச்சிருந்தோம். அந்த முடிவை எடுத்தது அந்தத் தம்பி இல்ல. அப்ப அவன் காலேஜ்ல இருந்தான்.

பேக்கப்லேர்ந்து பெரும்பகுதி வந்துச்சு. மூணு நாள் ஆவணம் போனது போனதுதான். காலையில ஏழு மணிக்குப் போன் பண்ணான். "அண்ணா, நான் வேரியபிள் பேரைத் தப்பா அடிச்சிட்டேண்ணா." அவனாவே சொன்னான். யாரும் கண்டுபிடிக்கல. ஒளிச்சிருந்தா ரெண்டு நாள் ஆகியிருக்கும் எங்களுக்கு.

பத்து நாள்ல கடிதம். கவனக்குறைவு.

காலியா இருந்தா இதை எடுத்துக்கோங்கற அந்த வரியை எழுதினது யாருன்னு வரலாறு பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்ல, எனக்கே தெரியும். நான்தான். மூணு வருஷம் முன்னாடி, ஒரே ஒரு வீடு மட்டும் குழாய்ல இருந்தப்ப, ஒவ்வொரு தடவையும் பேர் அடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு எழுதினேன். எடிட்டர் உரிமையைக் கொடுத்த கூட்டத்துலயும் நான் இருந்தேன். தலையாட்டினேன். விசாரணைக் கூட்டத்துலயும் இதைச் சொன்னேன். "நீங்க பெருந்தன்மையாப் பேசறீங்க"ன்னாங்க. பெருந்தன்மை இல்ல சார், அது என் பேர்ல பதிவாகியிருக்கிற வரின்னேன். அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.

கொத்துச் சாவிக்கு அலையிற கூட்டம்

இதை எங்க ஆபீஸ் கூத்துன்னு மட்டும் நினைக்காதீங்க. பைப்லைனுக்குள்ள சாவி இருக்குன்னு திருடனுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்.

2020 டிசம்பர்ல வெளிய வந்த சோலார்விண்ட்ஸ் கதை. திருடன் வாடிக்கையாளர் சர்வர் ஒவ்வொண்ணா உடைக்கல. அந்தக் கம்பெனியோட பில்ட் சர்வர்ல உட்கார்ந்துக்கிட்டான். தொகுக்கற நேரம் பார்த்து ஒரு கோப்பை மாத்துவான், முடிஞ்சதும் பழையபடி வெச்சிருவான். கோடைப் பார்க்கறவங்களுக்கு எதுவும் தெரியாது. கம்பெனி கையெழுத்தோட பொட்டலம் வெளிய போகும். கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள் வரைக்கும் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கிட்டாங்க, அமெரிக்க அரசுத் துறைகளும் சேர்த்து.

2021ல கோட்கவ். ஆயிரக்கணக்கான பைப்லைன்கள் கூப்பிடற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஜனவரி 31லேர்ந்து ஏப்ரல் 1 வரைக்கும், பைப்லைன்ல இருக்கிற ரகசியங்களை எல்லாம் வேற இடத்துக்கு அனுப்பிக்கிட்டிருந்துச்சு. ஒரு வாடிக்கையாளர், இறக்கின கோப்போட சரிபார்ப்பு எண் பொருந்தலையேன்னு உட்கார்ந்து பார்த்ததாலதான் மாட்டுச்சு.

2023 ஜனவரி 4. சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் சொன்னது: எங்ககிட்ட வெச்சிருக்கிற ரகசியம் அத்தனையும் மாத்திருங்க. ஒரு பொறியாளரோட லேப்டாப்ல வந்த வைரஸ், அவர் லாகின் ஆகியிருந்த செஷனையே தூக்கிட்டுப் போச்சு. இரட்டைப் பூட்டு போட்டும் பிரயோஜனம் இல்ல.

2025 மார்ச்ல கிட்ஹப்ல டிஜே-ஆக்ஷன்ஸ். 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் நம்பி உபயோகிச்ச ஒரு துணை நிரல். பதிப்புப் பேரை அப்படியே வெச்சுக்கிட்டு, உள்ள இருக்கிற சரக்கை மாத்திட்டாங்க. ரகசியங்கள் லாக்ல அச்சாச்சு. பதிப்புப் பேரை நம்பாம, மாத்த முடியாத கமிட் எண்ணைக் குறிப்பிட்டு வெச்சிருந்தவங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க.

நாலு கதைக்கும் பாடம் ஒண்ணுதான். எல்லாச் சாவியும் ஒரே இடத்துல இருந்தா, அந்த இடம்தான் இலக்கு. திருடனா இருந்தாலும் சரி, ஒரு எழுத்து விட்டுப் போன தம்பியா இருந்தாலும் சரி, சாவிக்கு வித்தியாசம் தெரியாது.

அப்ப என்னதான் செய்யணுங்கறே?

திட்டறது சுலபம், வழி சொல்லுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

ஊர்ல பெரிய ஓட்டல்காரர் நாலு கிளை வெச்சிருப்பார். சாம்பார்ப் பொடி ஒரே இடத்துல அரைப்பாங்க, ஒரே கைப்பக்குவம். அதுக்காக நாலு கடைக் கல்லாச் சாவியையும் பொடி அரைக்கிறவர் இடுப்புலயா சொருகி வைப்பாங்க? இதுதான் மொத்த விஷயமும்.

முதல் விஷயம். செய்முறை ஒரே இடம், ஆனா பதிப்பு போட்டு. நான் மையத்துல ஒரு வரி மாத்தினா அன்னிக்கு ராத்திரியே ஒன்பது வீட்டுலயும் அது ஓடக் கூடாது. ஒவ்வொரு வீடும் "எனக்கு இந்தப் பதிப்பு"ன்னு மாறாத எண்ணால சொல்லணும். சோதனை வீட்டுல ஓட்டிப் பார்த்துட்டு மேல ஏத்திக்கட்டும்.

ரெண்டாவது. பொட்டலம் ஒரே தடவைதான் கட்டணும், ஒரே கிடங்குல வைக்கணும். சோதனைக்கு ஒரு தடவை, நிஜத்துக்கு ஒரு தடவைன்னு திரும்பத் தொகுத்தா, சோதிச்சது ஒண்ணு ஓட்டறது ஒண்ணுன்னு ஆயிரும். மையக் கிடங்குலேர்ந்து எடுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் படிக்கிற உரிமை மட்டும் போதும். (கிளவுட் ரன் உபயோகிக்கிறவங்க கவனிங்க. அந்தப் படிக்கிற உரிமையைக் கொடுக்க வேண்டியது அந்த வீட்டோட கிளவுட் ரன் சர்வீஸ் ஏஜென்ட்டுக்கு. பாதிப் பேர் தப்பான அக்கவுண்டுக்குக் கொடுத்துட்டு, வேலை செய்யலைன்னு கடைசியில எடிட்டர் கொடுத்துருவாங்க. எங்க சூரியனும் அப்படித்தான் பொறந்தது.)

மூணாவது. மையத்துக்குக் கட்டுற வேலை மட்டும். கிடங்குல வைக்கிற உரிமை, அதோட நிறுத்திக்கணும். வீட்டுக்குள்ள ஏத்தறதுக்கு அந்தந்த வீட்டுலயே ஒரு தனி சர்வீஸ் அக்கவுண்ட், அந்த வேலைக்கு வேண்டிய உரிமை மட்டும். மையம் அதை இரவல் வாங்கித்தான் உபயோகிக்கணும். வேண்டாம்னா அந்த வீட்டுக்காரரே ஒரு நிமிஷத்துல இரவலை ரத்து பண்ண முடியணும். அழிக்கிற வேலை தனி, அதுக்குத் தனிச் சாவி, ஒரு மனுஷன் ஒப்புதல் கொடுத்தாத்தான் திரும்பணும்.

நாலாவது. சாவியைக் கோப்பா இறக்கி வைக்கிற பழக்கத்தை விடுங்கப்பா. வெளியிலேர்ந்து வர்ற பைப்லைனுக்குக் கொஞ்ச நேரத்துல தானாவே காலாவதி ஆகிற டோக்கன் கொடுக்கிற வசதி அமேசான்ல முன்னாடியே இருந்துச்சு, கூகுள்ல 2021லேர்ந்து இருக்கு. கிட்ஹப் பக்கமும் அதே வருஷம் வந்திருச்சு. இன்னமும் மூணு வருஷப் பழைய ஜேசன் சாவியைத் தூக்கிக்கிட்டுத் திரியறது வெறும் சோம்பல்.

அஞ்சாவது. போற இடம் காலியா இருந்தா நின்னுரணும். தானா ஒரு இடத்தை ஊகிக்கக் கூடாது. ஒரே வரி மாற்றம். அந்த ஒரு வரியை நான் மூணு வருஷம் முன்னாடி ஒழுங்கா எழுதியிருந்தா, இன்னிக்கு இந்தப் பதிவே இல்ல.

ஆறாவது. மையம் படுத்துக்கிட்டா என்ன செய்யறதுன்னு முன்னாடியே யோசிங்க. ஒரே குழாய்னா அடைப்பும் ஒரே இடத்துலதான். அவசரத் திருத்தம் ஏத்த ஒரு பின்கதவு வேணும். பூட்டி, முத்திரை வெச்சு, திறந்தா நாலு பேருக்கு மணியடிக்கிற மாதிரி.

"இதெல்லாம் செஞ்சா வேகம் குறையுமே"ன்னு ஒரு கோஷ்டி வரும். ஒரு வீட்டுக்கு உரிமைப் பட்டியல் எழுத எனக்கு அரை நாள் ஆச்சு. ஒன்பதுக்கும் சேர்த்து ஒரு வாரம். அழிஞ்ச கோப்பை மீட்க ஆறு பேர் ரெண்டு வாரம் வேலை பார்த்தோம். எது வேகம்?

"நாங்க சின்னக் கம்பெனி, ரெண்டே ப்ராஜெக்ட்"னு இன்னொரு கோஷ்டி. நாங்களும் ஒரே ப்ராஜெக்ட்லதான் ஆரம்பிச்சோம். அந்த நாசமாப்போன வரி எழுதினது அப்பதான்.

"எல்லாரையும் மனுஷத் தப்புலேர்ந்து காப்பாத்த முடியாது, ஒழுங்கா வேலை செய்யறவனை எடுங்க"ன்னு மூணாவது கோஷ்டி. இவங்களுக்குத்தான் இந்தப் பதிவே.

எட்டாவது சர்வர்க்காரர்

நைட் கேபிடல் கதையில ஒருத்தர் இருக்கார்னு சொன்னேன் இல்லையா? எட்டாவது சர்வர்ல கோடை ஏத்த மறந்த தொழில்நுட்பக்காரர். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்த வழக்கை விசாரிச்சு 2013 அக்டோபர்ல உத்தரவு போட்டுச்சு. கம்பெனிக்கு 1.2 கோடி டாலர் அபராதம். அந்த உத்தரவுல அந்தத் தொழில்நுட்பக்காரர் பேர் கிடையாது. அவர் மறந்தார்ங்கறது ஒரு வாக்கியம். மீதியெல்லாம் கம்பெனி மேல. ரெண்டாவது ஆள் சரிபார்க்கல, அப்படிச் சரிபார்க்கணும்னு எழுதி வெச்ச விதிமுறையும் இல்ல. சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே சிஸ்டம் 97 மின்னஞ்சல் அனுப்பியிருக்கு, அதை யாரும் எச்சரிக்கையா எடுத்துக்கல. ஒருத்தர் மறக்கறது நடக்கும். ஒருத்தர் மறந்தா கம்பெனியே போயிரும்னு கட்டி வெச்சதுதான் குத்தம்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. சோலார்விண்ட்ஸ் விவகாரத்துல 2021 பிப்ரவரியில அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி, "சோலார்விண்ட்ஸ்123"ன்னு ஒரு பாஸ்வேர்டு வெளியில கிடந்ததைப் பத்திக் கேட்டாங்க. கம்பெனித் தரப்பு சொன்ன பதில்: அது ஒரு பயிற்சி மாணவர் செஞ்ச தப்பு. பல வருஷமா உலகம் பூரா அரசாங்கங்களுக்கு மென்பொருள் வித்த கம்பெனி, அத்தனை பெரிய அதிகாரிகள், கடைசியில கைகாட்டினது பயிற்சிக்கு வந்த பையனை. சிரிப்பா வந்துச்சு அப்ப. போன மாசம் அதே காட்சியை நேர்ல பார்த்தேன், சிரிப்பு வரல.

தம்பியை அனுப்பினதுல கம்பெனிக்கு என்ன கிடைச்சுது? வாடிக்கையாளருக்கு எழுத ஒரு வாக்கியம்: "சம்பந்தப்பட்டவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது." என்ன போச்சு? இனிமே அந்த ஆபீஸ்ல காலையில ஏழு மணிக்குப் போன் பண்ணி "அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன்"னு எவனும் சொல்ல மாட்டான். அடுத்த தடவை ரெண்டு நாள் தேடுவோம். அதுக்கப்புறமும் கிடைக்காம போகலாம்.

சாவிக்கொத்து என்னாச்சுன்னு கேக்கறீங்களா? கடிதம் போன அன்னிக்கு அது அதே ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. அடுத்த வாரம் நானே உட்கார்ந்து ஒவ்வொரு வீடா எடிட்டர் உரிமையைப் புடுங்கினேன். (ஆணி புடுங்கறதுன்னு சும்மா சொல்லுவோம், நிஜமாவே புடுங்கினது அந்த வாரம்தான்.) யாரும் சொல்லல, யாரும் கேக்கல. அந்த வரியையும் எடுத்தேன். காலியா இருந்தா இப்ப நின்னுரும்.

தம்பிகிட்ட பேசினேன். வேற இடத்துல தேடிக்கிட்டிருக்கான். நேர்காணல்ல ஏன் வேலையை விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு கேட்டான். நடந்ததை அப்படியே சொல்லு, சந்தேகம் வந்தா என் நம்பரைக் குடுன்னேன். இந்தப் பதிவு அதுக்கும் சேர்த்துத்தான்.

உங்க ஆபீஸ்லயும் ஒரு சூரியன் படம் இருக்கும். நாளைக்குப் போனதும் அந்த நடு வட்டத்தோட சர்வீஸ் அக்கவுண்டுக்கு எத்தனை வீட்டுல என்ன உரிமை இருக்குன்னு பட்டியல் எடுத்துப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. பார்த்துட்டுப் பின்னூட்டத்துல வந்து என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன்.

டிஸ்கி 1: ஆபீஸ் பேர், வாடிக்கையாளர் பேர் கேட்டு யாரும் தனிமடல் போடாதீங்க. சொல்ல மாட்டேன்.

டிஸ்கி 2: அடுத்த பதிவு வழக்கம் போல மொக்கைதான். சத்தியம் :-)